என் நெஞ்சில் வளர்ந்த பக்கத்து வீட்டுக் குழந்தை

2003-ஆம் வருடம், பெங்களூரில் மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த ஆடி மாதம். அல்சூருக்குப் பக்கத்தில் ஜோகுபாளையத்தில் நான் அப்போது தனியாகக் குடியிருந்தேன். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக நாலு வீடுகள். கடைசி வீடு என்னுடையது. வீடு என்று சொன்னால் பெரிதாகிவிடும். ஒரு அறை, அதை ஒட்டிச் சமையல் செய்ய ஒரு மூலை, பின்னால் குளியலறை, அவ்வளவுதான். எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. இனி ஆகாது என்று மற்றவர்கள் முடிவு செய்து, நானும் அதை ஒத்துக்கொண்டுவிட்ட வயது.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு நானும் அம்மாவும் மட்டும்தான். தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புவேன். அம்மாவும் போய்விட்ட பிறகு, அந்த ரயிலில் திரும்பிப் போவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. அதனால்தான் இங்கேயே அறை பார்த்துக்கொண்டேன்.

எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. காலையிலிருந்து மாலைவரை பேசிக்கொண்டே இருப்பேன். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் பேசுவேன். ஆனால் எல்லாப் பேச்சும் யாரோ ஒருவரை இன்னொருவரோடு இணைத்துவிடுவதற்குத்தான். இணைத்ததும் நான் விலகிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே வேலை இருக்காது.

பக்கத்து வீட்டில் ஒரு இளம் ஜோடி இருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள். அவன் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். குழாயடியில் பார்த்தால் சிரிப்பாள், "அக்கா, டூட்டி முடிஞ்சுதா?" என்று கேட்பாள், நான் தலையாட்டுவேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தேன், என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். அவன் ட்ரிப்பில் மைசூர் போயிருந்தான். ஒரு ஆட்டோவைப் பிடித்து, அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் இறங்குவதற்குள் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது.

ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, குழந்தையை வெளியே எடுத்தால்தான் தாய் பிழைப்பாள் என்றார்கள். சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. அவன் மைசூரிலிருந்து பறந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மனைவி மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தாள். கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெண் குழந்தை. தோல் சிவந்து, சுருங்கி, உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரிந்தது. விரல்கள் தீக்குச்சி மாதிரி இருந்தன. அவன் பெட்டிக்கு முன்னால் நின்று, "இது பொழைக்குமாக்கா?" என்று என்னிடம் கேட்டான். கேட்பதற்கு அவனுக்கு வேறு யாரும் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

மறுநாள் ஆபீசுக்கு போன் செய்து லீவு சொன்னேன். என்னிடம் லீவு நிறைய இருந்தது. போக இடமில்லாதவர்களுக்கு லீவு தானாகச் சேர்ந்துவிடும்.

சில நாட்கள் கழித்து குழந்தை மூச்சுவிடுவது கொஞ்சம் சீரானது. வார்டு டாக்டர் ஒரு இளம்பெண். எங்கள் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். இனி பெட்டியின் சூட்டைவிட மனித உடம்பின் சூடுதான் குழந்தைக்கு நல்லது என்றார். கங்காரு குட்டியைப் பைக்குள் வைத்துக்கொள்வதுபோல, குழந்தையை வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு உடம்பு சில்லிட்டுப் போகாது, மூச்சு ஒழுங்காகும், எடை ஏறும் என்று பொறுமையாகச் சொன்னார். தாயால் முடியாது. அப்பா செய்யலாம், ஆனால் அது முழுக்கப் பெண்கள் இருக்கும் வார்டு, ஆண்களை உட்காரவைக்க வழியில்லை. அதோடு அவன் ரத்தத்துக்கும் மருந்துக்கும் மாடிக்கும் கீழுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். உறவில் யாராவது பெண் இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஊருக்கு அவன் போன் செய்திருந்தான். இரண்டு வீட்டிலும் யாரும் பேசவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, "நான் பக்கத்து வீடுதாங்க. நான் செய்யலாமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டவுடனே கூச்சம் வந்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகவில்லை, குழந்தையைத் தூக்கிப் பழக்கமில்லை என்றெல்லாம் அவசரமாகச் சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் குழந்தைக்குத் தெரியாதுங்க. அதுக்குச் சூடு தெரியும், நெஞ்சுத் துடிப்பு தெரியும். அது போதும்," என்றார். எனக்கு இருமல், தோல் நோய் ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தார். தினமும் குளித்துவிட்டு வர வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், சென்ட், பவுடர், வளையல் எதுவும் கூடாது என்றார். அன்று மாலை நான் வளையல்களைக் கழற்றி வைத்தேன். அம்மாவுடைய வளையல்கள். அம்மா போன பிறகு முதல்முறையாகக் கழற்றினேன். கை வெறுமையாகத் தெரிந்தது.

முதல் நாளை நான் எப்படி மறப்பேன்? கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டு, முன்பக்கம் திறக்கும் பச்சை கவுன் ஒன்றைக் கொடுத்தார் நர்ஸ். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். நான் கவுனைப் போட்டுக்கொண்டு முன்பக்கத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் காத்திருந்தார். நான் கையை எடுத்ததும், தொப்பியும் சாக்ஸும் மட்டும் போட்டிருந்த குழந்தையைத் தவளை மாதிரி காலை மடக்கி என் நெஞ்சின் நடுவில் வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, நீளத்துணியால் சுற்றிக் கட்டினார்.

எடையே தெரியவில்லை. நனைந்த பூனைக்குட்டி மாதிரி ஒரு ஈரம், ஒரு சில்லிப்பு. நான் மூச்சுவிடவே பயந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சில்லிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. என் சூடு அதற்குள் போவது எனக்குத் தெரிந்தது. அதன் முதுகில் கையை வைத்தேன். உள்ளங்கைக்குள்ளேயே முதுகு முழுவதும் அடங்கிவிட்டது. அப்போது என்னையறியாமல் கண்ணீர் வழிந்தது.

குழந்தையை நினைத்து அழுதேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. அம்மா இறந்த பிறகு என்னை யாரும் தொட்டதே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. சிவாஜிநகர் பஸ்ஸில் முழங்கை இடிக்கும், கடையில் சில்லறை கொடுக்கும்போது விரல் படும். அதைத் தவிர ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் அப்படி இருந்திருக்கிறேன், அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அன்றிலிருந்து காலையில் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். சாய்வான நாற்காலியில் குழந்தையோடு உட்கார்ந்தால் மாலைவரை அதே இருப்புதான். எனக்கு எழ வேண்டியிருந்தால் மட்டும் நர்ஸ் வந்து குழந்தையை வாங்கிக்கொள்வார். மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயில் பால் இறக்குவார்கள். பிறகு பாலாடை என்கிற சின்னச் சங்கில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கப் பழக்கினார்கள். எடை சில நாள் ஏறும், சில நாள் இறங்கும். இறங்கின நாளில் நான் ஏதோ சரியாகச் செய்யவில்லை என்று தோன்றும்.

பார்வையாளர் நேரம் வந்தால் மற்ற கட்டில்களைச் சுற்றிக் கூட்டம் நிறையும். தாய்மார்களுக்குப் பத்தியச் சாப்பாடு வரும், வெந்நீர் வரும், மாமியார்கள் கட்டிலோரம் உட்கார்ந்து கதை பேசுவார்கள். என் நாற்காலிக்கு யாரும் வரமாட்டார்கள். வார்டுக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நிற்பான். நான் துணியைக் கொஞ்சம் விலக்கிக் குழந்தையின் தொப்பியைக் காட்டுவேன். அவன் கையை மேலே காட்டி, அவள் இன்னும் கண் திறக்கவில்லை என்று தலையை ஆட்டுவான். பிறகு போய்விடுவான். எங்களுடைய பேச்சு அந்தக் கண்ணாடி வழியாகத்தான்.

ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரப் பெண் என்னைப் பார்த்து, "மொதல்னேதா?" என்று கன்னடத்தில் கேட்டாள். முதல் குழந்தையா என்கிறாள். இல்லை, இது என் குழந்தையே இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் "ஹௌது" என்று சொல்லிவிட்டேன். ஆமாம் என்று. அவள் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். என் மனசு வெகுநேரம் படபடத்தது. ஆனால் யாரையும் ஏமாற்றியது மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அது முதல் குழந்தைதானே.

கொஞ்சம் தெம்பு வந்ததும் குழந்தை வாயைத் திறந்துகொண்டு என் மார்பில் தேட ஆரம்பித்தது. முகத்தை இப்படியும் அப்படியும் தேய்க்கும், உதட்டைக் குவிக்கும், கிடைக்காமல் சிணுங்கும். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நர்ஸ் பாலாடையை எடுத்து வரும்வரை நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். அந்தச் சில நிமிஷங்கள்தான் அந்த வார்டில் நான் பட்ட கஷ்டத்திலேயே பெரியது.

இன்னொரு காலைநேரம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூச்சு என் கழுத்துக்குழியில் பட்டுப்பட்டு எனக்குப் பழகிப்போயிருந்தது. திடீரென்று அது படவில்லை. குனிந்து பார்த்தேன். உதட்டோரம் நீலம் பூத்திருந்தது. குறைமாதக் குழந்தைகள் சில நேரம் மூச்சுவிடுவதை மறந்துவிடும், அப்போது உள்ளங்காலைச் சுண்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நர்ஸைக் கூப்பிட வாய் வரவில்லை. நாள் முழுக்கப் பேசியே பிழைக்கிறவளுக்குக் குரல் எழும்பவில்லை. துணிக்குள் கையை விட்டு, சாக்ஸைத் தள்ளி, உள்ளங்காலைச் சுண்டினேன். அசையவில்லை. மறுபடி சுண்டினேன். முதுகைத் தேய்த்தேன். ஒரு விக்கல் மாதிரி வந்தது, பிறகு மெல்லிசாக ஒரு அழுகை. நீலம் கலைந்து சிவப்பு திரும்பியது. நர்ஸ் ஓடி வந்து பார்த்து, சரியாகிவிட்டது என்று என் தோளைத் தட்டினார்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றபோது நான் எப்போதும்போல் தொப்பியைக் காட்டினேன். நடந்ததைச் சொல்லவில்லை. அவன் தாங்கிக்கொண்டிருந்ததே போதும். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். இன்றைக்கு என்ன ஆச்சு தெரியுமா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? எழுந்து விளக்கைப் போட்டு, மறுநாளுக்கு வேண்டிய துணியை எடுத்து வைத்தேன்.

மாடியில் அவளுக்கு நினைவு திரும்பியது. சிறுநீரகம் கெட்டிருந்தது, அதுவும் மெல்ல மெல்லச் சரியாகிக்கொண்டு வந்தது. ஒருநாள் சக்கர நாற்காலியில் அவளைக் கீழே கூட்டி வந்தார்கள். பாதியாக இளைத்திருந்தாள். உதடெல்லாம் தோல் உரிந்திருந்தது. என் நெஞ்சிலிருந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் பயம்தான் இருந்தது.

"நான் தொட்டா அதுக்கு ஏதாவது ஆயிடுமாக்கா?" என்றாள்.

ஒன்றும் ஆகாது என்றேன். திரையை இழுத்துவிட்டோம். நர்ஸ் செய்ய வந்தார், நானே செய்கிறேன் என்று சொன்னேன். என் மேலிருந்த முடிச்சை அவிழ்த்து, குழந்தையைக் கழுத்திலும் இடுப்பிலும் தாங்கித் தூக்கி, அவள் நெஞ்சில் வைத்தேன். காலை மடக்கிவிட்டேன். தலையைத் திருப்பிவிட்டேன். அவள் கையை எடுத்துக் குழந்தையின் முதுகில் வைத்தேன். துணியைச் சுற்றிக் கட்டினேன். குழந்தை கொஞ்சம் நெளிந்தது, முகத்தைத் தேய்த்தது, பிறகு அடங்கிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு மார்பில் குளிர்ந்த காற்று பட்டது. கவுன் திறந்தே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பொத்திக்கொண்டு திரைக்கு வெளியே வந்தேன்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் போனேன். அவளுக்கு அசதியாக இருக்கும்போது வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. குழந்தை அவள் நெஞ்சிலேயே கிடக்கக் கிடக்க, வற்றிப்போனது என்று நினைத்த பால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது. அவள் அதை என்னிடம் சொன்னபோது அழுதாள், சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, கையை நெஞ்சின்மேல் வைத்துத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே எதுவும் இல்லை. பக்கத்து சீட்டுக்காரம்மா நெஞ்சுவலியா என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். ஊருக்குப் போயிருந்தியா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாரையோ இணைக்க ஆரம்பித்தேன்.

அவர்கள் வீடு திரும்பிய பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்கும். கேட்ட நொடியில் என் உடம்பு எழுந்து நின்றுவிடும். அதற்குள் அங்கே சத்தம் அடங்கிவிடும். நான் திரும்பவும் உட்கார்ந்துகொள்வேன். அவள் கூப்பிட்டால் மட்டும் போவேன். கூப்பிடாமல் போய் நிற்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

குழந்தை பிறந்திருக்கிறது, பிழைத்துக்கொண்டது என்ற செய்தி எப்படியோ ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் அவளுடைய அப்பா வந்து வாசலில் நின்றார். மகளைப் பார்த்ததும் அழுதார். கிருஷ்ணகிரிக்கே வந்துவிடுங்கள், அங்கே ஒரு வண்டி ஓட்டிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையையும் கூப்பிட்டார். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். காம்பவுண்டு வாசலில் டெம்போ நின்றது, அவன் பாத்திர மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் குழந்தையோடு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"ஒரு தடவை வச்சுக்கோங்கக்கா. அப்போ வச்சுக்கிட்டீங்களே, அதே மாதிரி," என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ரவிக்கைக் கொக்கிகளைக் கழற்றினேன். அவள் குழந்தையின் சட்டையை அவிழ்த்து என் நெஞ்சில் வைத்தாள். நல்ல கனம். தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன், பழையபடி அடங்கிக்கொள்ளும் என்று.

குழந்தை அடங்கவில்லை. இரண்டு கையையும் என் நெஞ்சில் ஊன்றித் தலையைத் தூக்கியது. என் முகத்தை ஒரு வினாடி பார்த்தது. பிறகு கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, சுற்றும் ஃபேனைப் பார்த்தது. காலை உதைத்து நெளிந்தது. நான் அணைத்துப் பார்த்தேன். அணைக்க அணைக்க இன்னும் பலமாகத் தள்ளிக்கொண்டு எழுந்தது. அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. "இப்பல்லாம் எங்கிட்டயும் இப்படித்தான்க்கா, ஒரு எடத்துல இருக்கமாட்டேங்கறா," என்றாள்.

எனக்குத் தெரிந்தது. வேண்டிய சூடு அதற்கு இப்போது அதன் உடம்பிலேயே இருக்கிறது. என்னைத் தள்ளுவதற்கு அந்தக் கைகளுக்கு வலு வந்துவிட்டது. அந்தக் கைகள் தீக்குச்சி மாதிரி இருந்ததைப் பார்த்தவள் நான். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அதைத் தூக்கி உச்சியில் முத்தம் கொடுத்து அவளிடம் கொடுத்தேன்.

டெம்போ போன பிறகு காம்பவுண்டு ரொம்ப அமைதியாக இருந்தது. கொஞ்ச நாள் போனில் பேசினாள். பிறகு எண் மாறிவிட்டது, நானும் வீடு மாறினேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்லூரி போகும் வயதாகியிருக்கும். அவளுக்கு என்னைத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நான் இன்றும் தனியாகத்தான் இருக்கிறேன். அந்த அனுபவம் என் தனிமையைப் போக்கிவிட்டது என்று சொன்னால் அது கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பெண் வேலைக்களைப்பில் தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்தால், முன்பெல்லாம் நான் நகர்ந்துகொள்வேன். இப்போது அவள் இறங்க வேண்டிய இடம் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் நம் உடம்பில் இருக்கும் சூடு நமக்கு மட்டும் சொந்தமானது இல்லை என்று எனக்குத் தெரியும்.